அகராதியார் தொட்ட கடைசிப் படி

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த பெண்மணியின் வலது சட்டைக் கை, முழங்கை வரை கறுப்பாகப் பிசுபிசுத்தது. தார் என்றுதான் சின்னவன் முதலில் நினைத்தான். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அந்தக் கையை மேசையிலும் வைக்க முடியாமல் மடியிலும் வைக்க முடியாமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தபோது குப்பென்று இனிப்பு வாசம் அடித்தது.

“பாகுங்க,” என்றார் அவர். “இங்கிலீஷ்ல ட்ரீக்கிள்னு சொல்லுவாங்க. இதுலதான் நான் விஷம் வெச்சேனாம்.”

சின்னவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தொலைந்த சைக்கிள், பிரிந்த கூட்டாளிகள், பொய் சொல்லும் வீட்டுக்காரர் என்று காலம் தள்ளிக்கொண்டிருந்த அலுவலகம் அது. அவனுடைய அண்ணிக்குச் சொந்தமானது. காப்பீட்டு நிறுவனத்தில் பல வருடம் விபத்துகளை விசாரித்து அலுத்துப்போய், தனியாகத் துப்பறியும் தொழில் தொடங்கியவர் அண்ணி. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கேமரா பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான் சின்னவன். படிக்கட்டில் புதிய காலடிச் சத்தம் கேட்டால் போதும், திருப்புளியைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு மேலே ஓடி வந்துவிடுவான். உதவியாளராக அவனை யாரும் நியமிக்கவில்லை. அவனே நியமித்துக்கொண்டான்.

“முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் காலையில இருந்து வரிசையா சொல்லுங்க,” என்றார் அண்ணி.

அந்தப் பெண்மணி பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூலகத்தின் பக்கத்துக் கூடத்தில் ஒரு கண்காட்சி தயாராகிக்கொண்டிருந்தது. ஆங்கிலச் சொற்கள் எந்தெந்தப் பழைய மொழிகள் வழியாக வந்து சேர்ந்தன என்று காட்டும் கண்காட்சி. அதை நடத்துகிறவர் ஒரு சொல்லாய்வாளர். ஊரே அவரை அகராதி என்றுதான் கூப்பிடும். பேச்சிலும் கொஞ்சம் அகராதி உண்டென்பதால் அந்தப் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்தியது.

“காலையில நானும் அகராதி சாரும் பெட்டிகளைப் பிரிச்சோம். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு பொருள் வைக்கணும். எல்லாத்தையும் வைக்கோல் போட்டுப் பொதிஞ்சு வெச்சிருந்தோம். ஒரு பெட்டிக்குள்ள கைய விட்டவரு வெடுக்குன்னு எடுத்துக்கிட்டாரு. ஆணி குத்திடுச்சுன்னாரு. நான் பார்த்தேன், ரத்தம்கூட வரல. அப்புறம் ட்ரீக்கிள் டின்ன நான்தான் திறந்தேன். ஒரு ஸ்பூன் வாங்கி நக்கிப் பார்த்துட்டு, நல்லாருக்குன்னு சொன்னாரு. எனக்குப் பசை தீர்ந்துபோச்சு. வாங்கக் கடைக்குப் போனேன். ரெண்டு மூணு கடை ஏறி இறங்க வேண்டியதாப் போச்சு.”

ஓவியர் தண்ணீரை ஒரு மிடறு குடித்தார். 

“வந்து பார்த்தா தரையில முட்டி போட்டு உட்கார்ந்திருக்காரு. ரெண்டு இமையும் தொங்கிப்போச்சு. ஒரு விரலால இமையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னைப் பார்க்கிறாரு. பேச வாயெடுக்கிறாரு, சத்தம்தான் வருது, வார்த்தை வரல. ட்ரீக்கிள் வார்த்தைக்கு நான் எழுதி வெச்சிருந்த பலகைய விரலால குத்திக் குத்திக் காட்டினாரு. அப்படியே சாஞ்சுட்டாரு. பிடிக்கப் போனதுல டின் என் மேல கவிழ்ந்துடுச்சு.”

“டாக்டர் என்ன சொல்றாங்க?”

“முதல்ல பக்கவாதம்னாங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. அப்புறம் மூச்சும் நின்னுபோச்சு. இப்ப மெஷின்தான் அவருக்காக மூச்சு விடுது. என்ன விஷம்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம்ங்கிறாங்க. அவரோட மகன் வந்து, அப்பா கடைசியா என்ன காட்டினாருன்னு கேட்டாரு. நான் உள்ளதச் சொன்னேன். ‘அப்ப ட்ரீக்கிள்ல என்னத்தக் கலந்தே’ன்னு என் மேல பாய்ஞ்சுட்டாரு. போலீஸ் டின்ன எடுத்துட்டுப் போயிருக்கு. சோதனை முடிய நாளாகுமாம்.” ஓவியர் அண்ணியை நேராகப் பார்த்தார். “என்னை உள்ளே வெச்சாலும் பரவால்லங்க. அதுக்குள்ள அவரு போயிடுவாரு.”

அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “பலகையில எந்த இடத்தக் காட்டினாரு?”

“அந்தப் பதட்டத்துல கவனிக்கலைங்க.”

“சரி. கையக் கழுவிட்டு வாங்க, போகலாம்.”

“கழுவினா தடயம் போயிடுமே அண்ணி,” என்றான் சின்னவன்.

“கழுவலைன்னா ஈ மொய்க்கும் தம்பி. வண்டிய எடுங்க.”

கூடம் நீளமாக, வெளிச்சமாக இருந்தது. ஆளுயரப் பலகைகள் சுவரோடு சுவராக நின்றன. ஒவ்வொன்றிலும் ஓவியர் ஓர் ஏணி வரைந்திருந்தார். மேல்படியில் இன்றைய ஆங்கிலச் சொல். கீழே இறங்க இறங்க அதன் பழைய வடிவங்கள். ஆனால் எதிலும் பொருள் எழுதப்படவில்லை. பொருள் எழுதிய சீட்டுகளை அகராதியார் கடைசியில்தான் தருவதாகச் சொல்லியிருந்தாராம். ஏப்ரன் என்ற பலகைக்கு முன்னால் ஒரு சமையல் மேலங்கி தொங்கியது.

“இந்த வார்த்தை முன்னாடி நேப்ரனா இருந்துச்சாம்,” என்றார் ஓவியர். “எ நேப்ரன், எ நேப்ரன்னு சொல்லிச் சொல்லி, அந்த ‘ந்’ நழுவி முன்னாடி இருந்த எழுத்தோட ஒட்டிக்கிச்சாம். சொல்லிட்டு அவரே சிரிப்பாரு.”

வாசலில் நின்ற இன்ஸ்பெக்டருக்கு அண்ணியைக் காப்பீட்டுக் காலத்திலிருந்தே தெரியும். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் முடிவு கட்டிவிட்ட தொனி இருந்தது. “பாகைச் சாப்பிட்டாரு, பாகுன்னு காட்டினாரு, விழுந்தாரு. இதுல துப்பறிய என்ன இருக்கு மேடம்?”

அண்ணி ட்ரீக்கிள் பலகைக்கு முன்னால் குனிந்தார். தரையில் மூடி கழன்ற மைப்பேனா ஒன்று கிடந்தது. பக்கத்தில் சிந்திய மை.

“எழுதப் பார்த்திருக்காரு. விரல் பேனாவப் பிடிக்கல. மை மட்டும் விரல்ல ஒட்டியிருக்கு. தம்பி, மைக்கறை பலகையில எங்க இருக்கு பாருங்க.”

சின்னவன் மேலிருந்து தேடினான். ட்ரீக்கிள் என்ற எழுத்துகள் சுத்தமாக இருந்தன. அடுத்த படியும் சுத்தம். தரைக்கு ஒரு சாண் மேலே, கடைசிப் படியில், நீல மையில் விரல் ரேகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தப்பட்டிருந்தன.

“சரிஞ்சு விழும்போது கை பட்டிருக்கும்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சரிஞ்சிருந்தா மேல இருந்து கோடு இழுத்திருக்கும் சார். இது பொட்டு பொட்டா இருக்கு. அதுவும் ஒரே இடத்துல.” அண்ணி எழுந்தார். “பாகுன்னு காட்டணும்னா மேல்படி அவருக்கு நெஞ்சு உயரத்துல இருக்கு. நிக்கத் தெம்பில்லாத மனுஷன் முட்டி போட்டுக் கடைசிப் படியத் தேடித் தொட்டிருக்காரு. அங்க என்ன வார்த்தை?”

“தேரியோன்,” என்று எழுத்துக் கூட்டிப் படித்தான் சின்னவன். “கிரேக்கமாம். பொருள் போடல.”

அறை மூலையில் அகராதியாரின் மேசை இருந்தது. அதன்மேல் தலையணை கனத்துக்கு ஒரு சொற்பிறப்பு அகராதி. சின்னவன் பாய்ந்து போய்ப் புரட்டினான்.  கடையில் எத்தனையோ கேமராக்களைப் பிரித்து, எந்தத் திருகு எதைப் பிடித்திருக்கிறது என்று பார்த்தவன் அவன். ஒரு சொல்லையும் அப்படிப் பிரிக்கலாம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

“ட்ரீக்கிள். இன்னிக்கு அர்த்தம் கறுப்புப் பாகு,” என்று வாசித்தான். “ஆனா அது பிற்காலத்துல வந்த அர்த்தமாம் அண்ணி. பழைய ஆங்கிலப் புத்தகங்கள்ல இது ஒரு மருந்து. மருந்தத் தேன்லயும் பாகுலயும் குழைச்சுக் கொடுத்திருக்காங்க. காலப்போக்குல மருந்து போயிடுச்சு, பாகு மட்டும் தங்கிடுச்சு.”

“எதுக்கு மருந்து?”

அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினான். “பழைய பிரெஞ்சுல ட்ரியாக்கிள். விஷமுறிவு.” தலையை நிமிர்த்தினான். குரல் தானாக உயர்ந்தது. “விஷமுறிவு அண்ணி. தனக்கு விஷம் வெச்சிருக்காங்கன்னு சொல்லியிருக்காரு. மருந்து குடுங்கன்னு கேட்டிருக்காரு.”

ஓவியரின் முகம் வெளுத்தது. இன்ஸ்பெக்டர், நான் சொன்னேனே என்பதுபோல் அண்ணியைப் பார்த்தார்.

சின்னவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. விஷம் என்றால் அது வந்த குப்பி எங்கேயாவது கிடக்க வேண்டும். மேசைக்குக் கீழே பார்த்தான். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளை நோக்கிப் போனான். முதல் பெட்டியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் வைக்கோல் நிறைய இருந்தது. முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான்.

அண்ணி அகராதிப் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி மிச்சத்தைத் தானே படித்தார். லத்தீனில் தேரியாக்கா. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் தேரியாக்கே. அந்தச் சொல் எதிலிருந்து பிறந்தது என்பது கடைசி வரியில் இருந்தது. அதைப் படித்ததும் அவர் தலையைத் தூக்கிப் பெட்டிகளைப் பார்த்தார். ஒட்டுநாடா போட்டு ஒட்டிய, சாதாரண அட்டைப் பெட்டிகள்.

“தம்பி,” என்றார். குரல் துளிகூட உயரவில்லை. “கைய வெளிய எடுங்க. மெதுவா எடுங்க.”

சின்னவன் துழாவுவதை நிறுத்தினான். கையை அங்குலம் அங்குலமாக இழுத்தான். வைக்கோல் சரசரத்தது. தன் கையால்தான் சரசரக்கிறதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. கை முழுதாக வெளியே வந்ததும் அண்ணி அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“எல்லாரும் வெளிய வாங்க. எந்தப் பெட்டியையும் தொடாதீங்க. சார், கதவப் பூட்டிட்டுப் பாம்பு பிடிக்கிறவங்கள வரச் சொல்லுங்க.”

“பாம்பா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“தேரியோன்னா கொடிய விலங்கு. அதுங்க கடிச்சா கொடுக்கிற முறிவுங்கிறதுதான் ட்ரீக்கிளோட மூல அர்த்தம். அட்டைப் பெட்டியில ஆணி ஏது சார்? அவரக் குத்தினது ஆணியில்ல, பல்லு. வண்டியில ஏறுங்க, மிச்சத்தப் போற வழியில சொல்றேன்.”

சின்னவன் அந்த வண்டியை அதற்கு முன் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. முன் இருக்கையில் இன்ஸ்பெக்டர் கைப்பிடியைப் பிடித்தபடி வந்தார். அண்ணி பின்னாலிருந்து தொலைபேசியில் மருத்துவரோடு பேசினார். மறுமுனையில் மருத்துவர் மசியவில்லை என்பது இந்தப் பக்கத்துப் பேச்சிலேயே தெரிந்தது. “வீக்கம் இல்லதான் டாக்டர். கடிவாயும் தெரியாதுதான். வலிக்காம, வீங்காம கடிக்கிற ஜாதியும் உண்டில்லையா? சரி, நேர்ல வர்றேன்.”

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அகராதியாரின் மகன் நின்றுகொண்டிருந்தார். ஊருக்கு வெளியே குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறவர், நெடிய ஆள். ஓவியரைக் கண்டதும் அவர் தாடை இறுகியது. “இவங்கள எதுக்கு இங்க கூட்டிட்டு வந்தீங்க?”

“உங்கப்பாவக் காப்பாத்த,” என்று சொல்லிக்கொண்டே அண்ணி அவரைக் கடந்து உள்ளே போனார்.

மருத்துவர் இளவயதுப் பெண். காலையிலிருந்து உட்காரவே இல்லை என்று முகத்தில் எழுதியிருந்தது. “மேடம், எனக்கும் சந்தேகம் வந்திருக்கணும், ஒத்துக்கிறேன். ரெண்டு இமையும் சேர்ந்து தொங்கறது பக்கவாதத்துல சாதாரணமா வராது. ஆனா பாம்புக்கடி மருந்தும் லேசுப்பட்டதில்ல. ஒத்துக்கலைன்னா அதுவே உயிருக்கு ஆபத்து. இந்த நகரத்துல இதுவரைக்கும் நான் ஒரு பாம்புக்கடியும் பார்த்ததில்ல. ஒரு பழைய வார்த்தைய நம்பி எப்படி ஏத்தறது?”

“வார்த்தைய நம்ப வேண்டாம். அவரையே கேட்போம்.”

“அவருக்கு நினைவே இல்ல.”

“அசையத்தான் முடியல டாக்டர். நினைவு இல்லன்னு எப்படித் தெரியும்? இமை தொங்கினப்பவும் விரலால அதத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, சரியான பலகையத் தேடி, சரியான படியத் தொட்டிருக்காரு. மூளை தெளிவா இருந்திருக்கு. இப்பவும் இருக்கலாம்.”

படுக்கையில் அகராதியார் மெழுகு பொம்மைபோல் கிடந்தார். இயந்திரம் ஏற்றி இறக்கிய மூச்சைத் தவிர வேறு அசைவில்லை. அண்ணி அவர் காதருகே குனிந்தார்.

“ஐயா, நீங்க காட்டினது எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. மேல்படியில நிக்கல, தேரியோன் வரைக்கும் இறங்கி வந்துட்டோம். காலையில வைக்கோலுக்குள்ள உங்களப் பாம்பு கடிச்சுதா? ஆமான்னா எதையாவது அசைங்க. எது முடியுதோ அது போதும்.”

அண்ணியும் மருத்துவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து, விரல்களைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மருத்துவர் உதட்டைப் பிதுக்கினார். இடமில்லாமல் கால்மாட்டில் ஒதுங்கி நின்ற சின்னவன், போர்வையைப் பார்த்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். போர்வையின் ஓரம் லேசாகத் துடித்தது.

“அண்ணி, கால். காலப் பாருங்க.”

செவிலியர் போர்வையை விலக்கினார். இடது காலின் கட்டைவிரல், நகத்தின் அகலம்கூட இல்லாத தூரம், மடங்கி நிமிர்ந்தது.

 முதலில் சுதாரித்தது மருத்துவர்தான். அவரும் குனிந்தார். இப்போது அவர் குரலில் வேறு அவசரம் இருந்தது. “சார், அது சும்மா துடிக்குதான்னு எனக்குத் தெரியணும். இப்ப வேற கேள்வி கேக்கறேன். பாகுல யாராவது விஷம் கலந்தாங்களா? ஆமான்னா அசைங்க.”

அத்தனை கண்களும் அந்தக் கட்டைவிரலில் இருந்தன. அது அசையவில்லை. மருத்துவர் காத்திருந்தார். அப்போதும் அசையவில்லை.

“பாம்பு கடிச்சுதா?”

விரல் மடங்கியது. மறுபடி மடங்கியது.

மருத்துவர் அதற்குள் செவிலியரிடம் மருந்தின் பெயரைச் சொல்லி ஓடச் செய்திருந்தார். கதவோரம் நின்ற மகன் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஓவியர் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். 

மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது எல்லோரும் வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

“எனக்கு ஒண்ணு மட்டும் விளங்கல மேடம். பாம்புன்னு காட்ட வேற வழியே இல்லையா? இப்படிச் சுத்தி வளைப்பாங்களா?”

“அவரு சுத்தி வளைக்கல சார். கடிச்சப்ப அவரும் ஆணின்னுதான் நினைச்சாரு. இமை தொங்கி, நாக்குக் குழறினப்பதான் புரிஞ்சிருக்கு. அதுக்குள்ள பேச்சுப் போயிடுச்சு, பேனாவும் கையில நிக்கல. தொடறதுக்கு எதிர்ல என்ன இருந்துச்சு? அந்தப் பலகைகள்தான். அதுல கடிக்கிற பிராணியப் பத்தின வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான். கடைசிப் படியிலதான் அந்தப் பிராணி இருந்துச்சு. அதனாலதான் முட்டி போட்டாரு.”

“நாங்க மேல்படியோட நின்னுட்டோம்.”

“நானும் ரெண்டாவது படியில நின்னுட்டேன் சார்,” என்றான் சின்னவன். “நின்னதோட இல்லாம பெட்டிக்குள்ள கைய வேற விட்டேன்.”

அண்ணி அவன் தோளில் கை வைத்தார். 

மகன் அதுவரை தலைகுனிந்தே இருந்தார். “அந்த வைக்கோல்...” என்று தொடங்கி நிறுத்தினார். பிறகு ஓவியர் பக்கம் திரும்பாமலே சொன்னார். “அது என் லாயத்துல இருந்து வந்துச்சு. அப்பா கேட்டாருன்னு நான்தான் மூட்டையா கொண்டுவந்து இறக்கினேன். நல்லா உதறிக்கூடப் பார்க்கல.”

இன்ஸ்பெக்டரின் தொலைபேசி ஒலித்தது. கேட்டுவிட்டு வைத்தார். “பிடிச்சுட்டாங்க. கறுப்புல வெள்ளைப் பட்டை போட்டது. வைக்கோலுக்கு அடியில சுருண்டு கிடந்துச்சாம்.” சற்றுத் தயங்கிவிட்டுச் சின்னவனைப் பார்த்தார். “ரெண்டாவது பெட்டியாம் தம்பி.”

சின்னவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். மகன் எழுந்து ஏதோ சொல்ல ஓவியரிடம் வந்தார். வார்த்தை வராமல் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

அகராதியாருக்கு மூச்சுக் குழாயை எடுக்கச் சில நாட்கள் ஆயின. எடுத்த அன்று மருத்துவர் அண்ணிக்குச் சொல்லியனுப்பினார். அண்ணியும் சின்னவனும் போனபோது மகன் கட்டிலருகில் உட்கார்ந்திருந்தார். அகராதியார் தலையணைகளில் சாய்ந்திருந்தார். குரல் உமியைத் தேய்த்ததுபோல் கரகரத்தது.

“எல்லாம் காதுல விழுந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு,” என்றார். “இவன் அந்தப் பொண்ணப் பேசினது, டாக்டர் பக்கவாதம்னது, எல்லாம். இல்லடான்னு சொல்ல நாக்கும் அசையல, கையும் அசையல.” மகன் பக்கம் திரும்பினார். “அவகிட்ட மன்னிப்புக் கேட்டியா?”

“கேட்டேன்ப்பா. நேத்து வீட்டுக்கே போய்க் கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“இனிமே வைக்கோல் வேண்டாம், பழைய பேப்பர் போதும்னாங்க.”

அகராதியார் சிரிக்க முயன்று இருமினார். மகன் அவசரமாகத் தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டார். இருமல் அடங்கியதும் பெரியவர் அண்ணியைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு அவருக்குப் பின்னால் நின்றவனைத் தேடினார்.

“காலப் பாருங்கன்னு கத்தினது யாரு?”

“நான்தாங்க.”

“இங்க வா. கிட்ட வா.” கையை நீட்டிச் சின்னவனின் மணிக்கட்டைப் பற்றினார். பிடியில் வலுவே இல்லை. ஆனாலும் விடவில்லை. “அதுக்கு முன்னாடி ரொம்ப நேரமா அந்த விரல ஆட்டிக்கிட்டே இருந்தேன்ப்பா. ஒருத்தரும் கால் பக்கம் பார்க்கல.”

  சின்னவன் பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்துப் போட்டு, அந்தக் கை தானாக விடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.